ஒரு நாள் காலி

பட்டுப்போன தென்னையில் மரங்கொத்திக்கு ஒரு பொந்து சொந்தம். மாதம் ஐந்து புழு வாடகைக்கு அதில் ஒரு மைனா குடியிருந்தது. குடியிருப்பவரிடம் வாடகையை ஏற்றக் கூடாது, ஆள் மாறினால் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அந்தத் தோப்பின் சட்டம்.

மரங்கொத்தி நன்றாக யோசித்துவிட்டு வந்தது. "தங்கச்சி, பேருக்கு ஒரு நாள் காலி பண்ணிட்டு வாயேன். நீயே புதுக் குடித்தனம் ஆயிடுவே. ஏழு புழு கொடு, போதும்."

"முட்டையிடுற நேரம் அண்ணே."

"ஒரு நாள்தானே! பொந்தை யார் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க?"

வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? மைனா பக்கத்து வேம்பில் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் பொந்திலிருந்து ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது. "வாங்க ஓனர். இடம் வசதியா இருக்கு. வாடகை எவ்வளவு?"

மரங்கொத்தி வேம்புக்குப் பறந்து போய் நின்றுகொண்டு, "வாடகையா? அதெல்லாம் எதுக்குங்க, சும்மா இருங்க" என்றது.

பிறகு மைனாவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பட்ட மரத்தில் புதுப் பொந்து கொத்த ஆரம்பித்தது.

"சீக்கிரம் முடிங்க அண்ணே" என்றது மைனா. "மரம்தான் வேற. ஆள் மாறலை."