மூணு தடவை அக்கா

மழை விட்ட மதிய வெயிலில் நடைபாதை பளபளக்கிறது. கேபிள் பழுதாகித் தையல்கடை இருண்டு கிடக்கிறது. லைனை நிறுத்திவிட்டதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தடுப்புகளுக்கு நடுவே, மூடி திறந்த கேபிள் குழியோரம் மண்டியிட்டிருக்கும் மின்துறைக்காரி அவசரப்படவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் 'மூணு தடவை அக்கா'. முதலில் சோதனைக் கருவியை வண்டியிலிருக்கும், கரண்ட் உள்ள மின்பெட்டியில் வைக்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. பிறகு குழிக்குள், கேபிளில் வைக்கிறாள், எரியவில்லை. "அதான் கரண்ட் இல்லையே, சட்டுபுட்டுன்னு கையை வெச்சு முடிங்கம்மா," என்கிறார் தையல்கடைக்காரர், தடுப்புக்குள் ஒரு காலை வைத்தபடி. "இருங்கண்ணே. கரண்ட் போயிருக்கா, இல்ல இந்தக் கருவி போயிருக்கான்னு பாக்கணும்ல." மூன்றாவதாக, மறுபடியும் மின்பெட்டியில் வைக்கிறாள். சிவப்பு வரவில்லை. கருவிதான் செத்திருக்கிறது.

புருவம்கூட உயராமல் வேறொரு கருவியை எடுத்து, பெட்டியில் எரியவிட்டுப் பார்த்து, குழிக்குள் இறக்குகிறாள். ஈரச் சுவரெல்லாம் சிவக்கிறது. "நீங்க அணைச்சது பக்கத்துத் தெரு லைன்," என்று அலுவலகத்துக்குப் போனில் சொல்கிறாள், கணக்கு வாத்தியார் விடையைத் திருத்துவதுபோல. தையல்கடைக்காரரின் கால் எப்போதோ வெளியே போய்விட்டது. குறுக்கே வந்த சைக்கிள்காரரை இரண்டு கையையும் விரித்து மறிக்கிறார். "கிட்ட வராதீங்க! அக்கா இன்னும் மூணாவது தடவை பாக்கல."