பதினான்கு கிலோ

சிந்துஜாவின் மணிக்கட்டுப் பட்டை திடீரென்று அலறியது. "எடை பதினான்கு கிலோவைத் தாண்டிவிட்டது. உடனே இறக்கி வையுங்கள்!"

அறுபது வயதைத் தாண்டியும் சின்னப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கு மருத்துவமனை கட்டிவிடும் பட்டை அது.

"கத்தித் தொலையாதே! இது என்ன அரிசி மூட்டையா? என் பொண்ணு!" என்று அதட்டிப் பார்த்தாள். அது அடங்கவில்லை. இடுப்பிலிருந்த நான்கு வயது நறுமுகையை மனமில்லாமல் இறக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து குழந்தைக்கு என்ன வந்ததோ, சரியாகவே சாப்பிடவில்லை. உயிராக நினைக்கும் நெய் தோசையைக்கூட ஒரு விள்ளலோடு ஒதுக்கினாள்.

மூன்றாம் நாள் சிந்துஜா தட்டோடு பின்னாலேயே அலைந்தாள். "என் ராசாத்தில்ல, இன்னும் ஒரே ஒரு வாய்டி!"

நறுமுகை வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"இப்ப தூக்கிப் பாரும்மா, அது கத்தாது!"