மலைக்குள் ஒரு விமானம்

மதுரையில் கிளம்பிப் பதினோராயிரம் அடி உயரத்தில் கொடைக்கானல் மலையைக் கடக்கும்போது, மோதல் எச்சரிக்கை இன்றும் அலறியது. நாலாயிரத்து முந்நூறு அடி கீழே ஒரு விமானம் மேலேறி வருவதாகத் திரை காட்டியது.

“அப்போ அது ஆறாயிரத்து எழுநூறு அடியில வருது. மலையே ஏழாயிரம்” என்றாள் கேப்டன் மகாதேவி. “மண்ணுக்குள்ள எந்த மடையன் ஓட்டுறான்?”

துணை விமானி வேல்ராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே அட்டுவம்பட்டியில்தான் அவன் வீடு.

போன மாதம் அந்த விமானம் மலைக்குள் ஆயிரம் அடி ஆழத்தில் இருந்தது. அவள் ஒன்பது முறை புகார் எழுதினாள். கருவிக் கோளாறு என்று ஒன்பது முறையும் பதில் வந்தது. கருவியை இரண்டு முறை மாற்றியும் ஆயிற்று.

“சத்தம் தொந்தரவா இருந்தா குறைச்சு வச்சுக்கங்கன்னு நேத்து மெயின்டனன்ஸ்ல ஒருத்தன் சொல்றான். அவன் வீட்டுக்கு அடியில வந்தாத் தெரியும்!”

மும்பையில் இறங்கியதும் வேல்ராஜ் தன் போனை அவளிடம் நீட்டினான். அவன் அம்மா பேசி அனுப்பியிருந்தாள்.

“ஏலே வேலு, வெள்ளனே இருந்து அடுப்படித் தரை அதிருதுடா. கீழ ப்ளேன் சத்தம் கேக்குது. கேப்டன் பேசுறேன், எல்லாரும் பெல்ட்டு போட்டுக்கங்கன்னு ஒரு பொம்பள கோவமாச் சொல்லுது.”