கண்ணுக்குத் தெரியாத நோய்

இன்வெர்ட்டர் ஒருமுறை கூவிவிட்டு அணைந்ததும், தையல் மெஷின் பாதி ஜாக்கெட்டில் நின்றது.

எதிர்ச் சுவரோரம் இருந்த மீன் தொட்டியின் மோட்டார் சத்தமும் அடங்கியது.

சோபனா துணியை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். நல்லம்பள்ளி முழுக்கக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. லைனில் வேலை நடக்கிறது, சாயங்காலம்தான் வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அது கடல் தண்ணீர்த் தொட்டி. இரண்டடி நீளம். பவளங்களும் சில மீன்களும் உள்ள அதை அவள் கணவன் ஜெயபால் வளர்க்கிறான். பஸ் டிரைவர். இந்நேரம் ஓசூர் ரோட்டில் இருப்பான். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டான்.

எடுத்தாலும் என்ன? இன்றைக்குத்தான் தொட்டியைக் கொண்டுபோக அரூரிலிருந்து ஆள் வருகிறது. ஆளைப் பிடித்தது சோபனா. போனில் பேசி முடித்தது ஜெயபால்.

அந்த இடத்தில் இரண்டாவது மெஷின் போட வேண்டும் என்பது அவள் கணக்கு. போதாததற்கு, அவனுக்குக் கிடைக்கிற லீவெல்லாம் உப்பு கரைப்பதிலும் கண்ணாடி துடைப்பதிலுமே போய்க்கொண்டிருந்தது.

கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது அவன் சண்டை போடவில்லை. "சரி" என்றான். அதன்பிறகு அதைப்பற்றிப் பேசவே இல்லை.

அவள் காஜா எடுக்க உட்கார்ந்தாள். இரண்டு காஜா முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

செத்த மீனையா கொடுப்பது? அந்த ஆள் வரும்வரையாவது இருக்கட்டும் என்று எழுந்தாள்.

முன்பொருமுறை கரண்ட் போனபோது அவன் செய்ததைப் பார்த்திருக்கிறாள். சோப்புப் போடாமல் கையைக் கழுவினாள். டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, காற்றுக் கலக்கும்படி அதிலேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள். தொட்டி சூடாகாமல் இருக்க, ஃப்ரிட்ஜில் உறைந்திருந்த தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் அப்படியே மிதக்கவிட்டாள்.

மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. கையை நிறுத்தினால் மேலே வந்தன. அதனால் அவள் நிறுத்தவில்லை.

வேறு வேலை இல்லாததால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறைக்கு அடியில் ஒரு பொந்து. அதன் வாசலில் மஞ்சள் மீன் ஒன்று காவலுக்கு நின்றது. பின்னால் ஓர் இறால் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டியது. அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று ஜெயபால் எப்போதோ சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவள் சரியாகக் கேட்கவில்லை. இப்போது பார்த்தாள். இறாலின் மீசை ஒன்று எந்நேரமும் மீனின் மேலேயே பட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றையும் அவன் யோசித்து யோசித்துத்தான் வாங்குவான். பெங்களூர்க் கடையில் நீல மீன் ஒன்றை அவளே ஆசைப்பட்டுக் காட்டியபோதுகூட, "இது நீந்தறதுக்கு நம்ம தொட்டி பத்தாது சோபனா, பாவம்" என்று வெறுங்கையோடு கூட்டிவந்துவிட்டான். ஒரு நத்தை வாங்க மாதக்கணக்கில் படித்தான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இவ்வளவு யோசிச்சீங்களா?" என்று அப்போது அவள் கேட்டிருக்கிறாள்.

"அப்ப யோசிக்கவே தோணல" என்றான்.

தோள்பட்டை கடுத்தது. டம்ளரை இடது கைக்கு மாற்றினாள். மதியச் சாப்பாடு மூடியபடியே ஆறிப்போனது.

வெயில் தாழ்ந்தபோது வாசலில் மினி வேன் வந்து நின்றது. முருகேஷ் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அரூரில் ஓட்டல் திறக்கப்போகிறவர். வந்ததும் குனிந்து, மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினார்.

மஞ்சள் மீன் பொந்துக்குள் பாய்ந்தது. இறாலும் காணாமல் போனது.

"ஓட்டல்ல கல்லாப்பெட்டி பக்கத்துல வெக்கறதுக்குங்க. உள்ள எடமெல்லாம் சும்மாதான கெடக்குது? பெருசா நாலு மீன் வாங்கி வுட்டா பாக்க நல்லாருக்கும்."

சோபனா டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அண்ணா, இந்தத் தண்ணியில நோவு இருக்குதுங்க" என்றாள். "கண்ணுக்குத் தெரியாது. புதுசா எதை வுட்டாலும் செத்துப்போயிரும்."

முருகேஷ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து தரையைத் துடைத்து, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு, மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

விளக்கு வைத்த பிறகு ஜெயபால் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்தாங்களா?" என்றான்.

"வந்தாங்க. புடிக்கலைன்னு போயிட்டாங்க." அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஓ" என்றபடி அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான். தொட்டிக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

டெப்போவில் பைக்கை எடுக்கும்போதே முருகேஷ் அவனுக்குப் போன் செய்திருந்தார். தண்ணீரில் நோய் என்று வீட்டில் சொல்கிறார்களே, அதை முதலிலேயே சொல்லக் கூடாதா, வேன் வாடகை வீணாகிவிட்டதே என்று சத்தம் போட்டார்.

ஜெயபாலுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

பிறகு, "ஆமாங்க, ரொம்ப நாளாவே இருக்குது. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.