ஒரு கயிற்றில் இருவர்

ஐப்பசியின் கடைசி ஞாயிறு, காலை ஏழேகால். கண் தெரியாத சிவநேசனும் அவனுக்கு வழிகாட்டியாக ஓடிய ஜெரால்டும் ஒரே கயிற்றில் மணிக்கட்டுகளைப் பிணைத்தபடி அரை மாரத்தான் ஓட்டத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள்.

"இருபத்தோரு கிலோமீட்டரும் முடிச்சிட்டடா மாப்ள!" என்று ஜெரால்டு கத்தினான். வழியெல்லாம் "இன்னும் கொஞ்சந்தான், விட்றாத" என்று உசுப்பிக் கூட்டிவந்தவன் அவன்தான். முழுத் தூரமும் ஓடிவிட வேண்டுமென்று சிவநேசன் ஒரு வருடமாகப் பழகியிருந்தான். கழுத்தில் விழுந்த பதக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

பக்கத்தில் அதே ஓட்டத்தை முடித்த யாரோ காலை நீவிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பாலத்து ஏத்தம் ஒருத்தரையும் விடல சார். உசுரே போயிடுச்சு."

சிவநேசனின் கால்கள் காலையிலிருந்து சமதரையைத்தான் மிதித்திருந்தன. இன்னும் அவிழ்க்காத கயிற்றை அவன் மெல்ல இழுத்தான்.

"மாப்ள, நாம எந்தப் பாலத்துல ஏறினோம்?"