விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது

சாவி திரும்பவில்லை.

பூட்டு உறைந்துவிட்டது என்று நினைத்தாள். கையுறையைக் கழற்றினாள். சாவியை உள்ளங்கையில் பொத்தி, வாயால் ஊதிச் சூடாக்கி, மறுபடி நுழைத்தாள்.

இல்லை.

முக்கால் மணி நேரமாகப் பனி அள்ளியிருந்தாள். கார்த் தரிப்பிடத்தில் வரிசையாக ஒன்பது வெள்ளை மேடுகள். அவளுடையது விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது. நன்றாக நினைவிருந்தது.

கதவில் அப்பியிருந்ததை முழங்கையால் தேய்த்தாள்.

சிவப்பு.

அவளுடைய கார் சாம்பல் நிறம்.

எட்டு மணிக்கு அவள் கணவன் குணபாலன் டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கவேண்டும். புயலால் முந்தாநாள் முறையும் தவறிப்போனது. முகம் ஊதிவிட்டது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினான். டொரோண்டோ முழுவதும் பஸ் நின்றிருந்தது. டாக்சிக்காரர்கள் போனை எடுக்கவில்லை.

மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலில் குணபாலன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற எட்டில் எது?

பனி அள்ளும் சவளைத் தூக்கப் போனாள். கை எழவில்லை.

“என்ர காரை ஏன் தங்கச்சி கிண்டுறியள்?”

பின்னால் தவராசா. எதிர்க் கட்டடத்துக்காரர்.

நான்கு வருடமாகப் பேச்சில்லை. தவராசாவின் தம்பி போரில் செத்தவன். அவனுடைய நினைவுநாளில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குணபாலன் அவனைப் பற்றி ஒரு சொல் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாத சொல். அன்றிலிருந்து இருவரும் இதே தரிப்பிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கார் மாறியதை. எட்டு மணியை. வீக்கத்தை.

தவராசா ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

“என்ர காரில போவம். வரச் சொல்லுங்கோ.”

போன் எடுத்தாள்.

“ஆற்ற கார்?” என்று கேட்டான் குணபாலன்.

சொன்னாள்.



“நீங்கள் அவரோட கதைக்க வேண்டாமப்பா. ஏறி இருந்தால் போதும்.”

ஜன்னல் வெறுமையானது.

கட்டிலுக்குத்தான் போயிருப்பான் என்று நினைத்தாள்.

வாசல் கண்ணாடிக்கு அப்பால் லிப்ட் திறந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். வீங்கிய காலுக்குச் சப்பாத்து ஏறவில்லை. தடித்த காலுறையும் வீட்டுச் செருப்பும்.

கதவைத் தள்ளினான்.

அசையவில்லை. அவள் வெளியே வந்த பிறகு பனி தள்ளும் வண்டி போயிருந்தது. ஒதுக்கியதெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது.

தவராசா அவள் கையிலிருந்து சவளை வாங்கினார். வாசலுக்குப் போய், தொப்பியைக்கூடச் சரிசெய்யாமல் அள்ளத் தொடங்கினார். கண்ணாடிக்குள் குணபாலன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

கைப்பிடி தெரிந்தது. கதவின் அடிப்பக்கம் பனிக்கட்டியாய் இறுகியிருந்தது.

இழுத்தார். வரவில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு விரற்கடைக் கண்ணாடி. குணபாலனின் மூச்சுப் பட்டு அது மங்கியது.

தவராசா விரலால் தட்டினார்.

“நான் இழுக்கிறன்,” என்றார். “தள்ளு, மச்சான்.”

குணபாலன் கதவில் தோளைக் கொடுத்தான்.