இரண்டு அடுப்பு, ஒரு ஃபாரம்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணத் தயார். ஏற்றுவதை மட்டும் வேறு யாராவது செய்து கொடுக்க வேண்டும்.

1991 பிப்ரவரி. மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் எங்கள் மாடிப் போர்ஷன். மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஜமீலுன்னிசா டீச்சர் வந்து உட்கார்ந்த அன்று, எனக்கும் என் மனைவி விசாலாக்ஷிக்கும் பேச்சு நின்று முப்பத்தாறு நாள்.

சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் போதவில்லை என்று நான் ஒரு நியாயமான கருத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இனிமேல் நீங்களே பண்ணிக்கொள்ளுங்கள் என்பது அந்தக் கரண்டிக்கு அர்த்தம்.

நானும் சளைத்தவனில்லை. அன்றைக்கே ஒரு திரி ஸ்டவ் வாங்கிவந்து பால்கனியில் தனிச் சமையல் ஆரம்பித்தேன். என் சாம்பார் கொதித்தால் லஸ் முனையில் பஸ் நிற்கும், ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில். ஒரு கண்டக்டர் டிபன் பாக்ஸோடு மாடியேறியே வந்துவிட்டார். பயணிகள் கீழே பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

டீச்சர் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. பரீட்சை ஹாலில் டிக்டேஷன் கொடுப்பதுபோலக் கேள்விகளை வாசித்தார். பெயர், வயது, படிப்பு. கல்யாணம் ஆயிற்றா, ஆனபோது மனைவிக்கு என்ன வயது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு டெல்லியில் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கு யோசனை. வாயில் சொந்தப் பல் எத்தனை என்று கேட்காததுதான் பாக்கி.

தமிழ் தவிர வேறு என்ன மொழி தெரியும் என்றார். இங்கிலீஷ், சமஸ்கிருதம், பால்கனிக்கு வரும் காக்காய்களின் பாஷை என்றேன். மூன்றாவதை அவர் எழுதவில்லை.

பென்ஷன்காரர் சரி, இப்போது ஏதாவது வேலை செய்கிறீர்களா என்றார்.

“சமையல்” என்றேன்.

அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

விசாலாக்ஷி கதவோரம் வந்து நின்றாள். டீச்சர் ஃபாரத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார். “போன ஒரு வருஷத்துல குழந்தை பொறந்துச்சாம்மா? தப்பா நினைக்காதீங்க, எல்லாரையும் கேக்கணும்.”

அவளுக்கு வயது அறுபத்துமூன்று. “புதுசா ஒண்ணும் பொறக்கலை. இருக்கற ஒண்ணு பால்கனில குடித்தனம் பண்ணிண்டு இருக்கு” என்றாள்.

அதையும் அவர் எழுதவில்லை.

கிளம்பும் நேரத்தில்தான் முதல் பக்கத்தில் ஒன்று விட்டுப்போனதைக் கவனித்தார். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பமாம். சர்க்கார் விதி. இந்த வீட்டில் ஒரே சமையல்தானே என்றார்.

“இரண்டு” என்றேன், கம்பீரமாக.

விசாலாக்ஷி பதறுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ ரெண்டு குடும்பம்னே போட்டுடுங்கோ, டீச்சர்.”

டீச்சர் பையிலிருந்து இரண்டாவது ஃபாரத்தை எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஃபாரத்தில், கல்யாணமானவர், ஆனால் குடும்பத்தில் ஆள் ஒன்று என்று இருக்கும். அடுத்த கணக்கெடுப்புக்கு இன்னும் பத்து வருஷம். எனக்கு எழுபத்தொன்று. நாற்பத்தைந்து வருஷக் கல்யாணத்தை இந்திய அரசாங்கம் இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டால், திருத்திச் சொல்ல நான் இருப்பேனா?

வேண்டாம் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏலக்காய் ஞாபகம் வந்து குறுக்கே நின்றது.

டீச்சர் அந்த இரண்டாவது அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். பால்கனியில் குனிந்து பார்த்தார். ஸ்டவ்வின் திரி வெள்ளைவெளேர் என்று இருந்தது. தினமும் துவைத்துக் காயப்போடுகிறேன் என்றேன்.

இன்று என்ன சமையல் என்று கேட்டார்.

வாழைப்பூ உசிலி, எலுமிச்சை ரசம் என்றேன். வாழைப்பூவை நரம்பு எடுத்து நறுக்கும் நுணுக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டார். உள்ளே செம்பு சத்தம் கேட்கவில்லை. ஏதோ மூடியைத் திறந்து மூடுகிற சத்தம்தான் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் முகம், பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே விடையை எழுதிய பேப்பரைத் திருத்துகிற முகமாக இருந்தது.

இரண்டாவது ஃபாரத்தைப் பைக்குள் திருப்பி வைத்தார். முதல் ஃபாரத்தில், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இருந்த என் பெயரை அடித்தார். விசாலாக்ஷி என்று எழுதினார். அதற்குக் கீழே ராஜகோபாலன். தலைவருக்கு என்ன உறவு? கணவர்.

விசாலாக்ஷி எட்டிப் பார்த்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு முப்பத்தாறு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“கையை அலம்பிண்டு வாங்கோ.”

நான் ஆட்சேபிக்கவில்லை. அந்த வருஷம் ஃபாரத்துக்குத் தட்டுப்பாடு போலிருக்கிறது. தேசத்துக்காக விட்டுக்கொடுத்தேன்.

எனக்கு ஸ்டவ் பற்றவைக்கத் தெரியாது.